பழைய கிளாரினெட்டுகளின் தோற்றுவாய் அறிதல்

பழைய கிளாரினெட்டுகளின் தோற்றுவாய் அறிதல் என்பது, இரண்டாம் கையாக வாங்கப்பட்ட அல்லது மரபுரிமையாகக் கிடைத்த ஒரு கிளாரினெட்டு எந்த நாட்டில், எந்தப் பட்டறையில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை அக்கருவியில் உள்ள சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கும் முறையாகும். கருவியில் பொறிக்கப்பட்ட பெயர், நாட்டுக் குறிப்பு, வரிசை எண், சாவிகளின் அமைப்பு, மூலப்பொருள், சுருதிக் குறி, உள்துளையின் அளவு ஆகியன இதற்கு உதவும் முதன்மையான சான்றுகள் ஆகும். இவற்றுள் எதுவும் தனித்து நின்று முடிவைத் தருவதில்லை. பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போதே முடிவு உறுதிப்படுகிறது.

இந்த அறிவு சேகரிப்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று. பழைய கருவி ஒன்றை வாங்கும் மாணவருக்கு அது இன்றைய சுருதியில் ஒலிக்குமா, அதன் விரலமைப்பு இன்று கற்பிக்கப்படும் முறையோடு பொருந்துமா, கேட்கப்படும் விலை தகுமா என்னும் கேள்விகளுக்கு விடை இதிலேயே உள்ளது.

பின்னணி

கிளாரினெட்டு ஒற்றை நாக்குடைய காற்றிசைக் கருவி ஆகும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700ஆம் ஆண்டையொட்டி இதனை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. இவான் மியூலர் 1812ஆம் ஆண்டையொட்டிப் பதின்மூன்று சாவிகள் கொண்ட கருவியை அறிமுகப்படுத்தினார். பிரான்சில் இயாசிந்த் குளோசே என்னும் இசைஞரும் லூயி-ஒகுஸ்த் பஃபே என்னும் கருவி செய்வோரும் இணைந்து, இன்று "போம் முறை" எனப்படும் சாவி அமைப்பை 1839இல் காட்சிக்கு வைத்தனர். இதற்கு 1844இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் இராணுவ இசைக்குழுக்கள், ஊர் இசைக்குழுக்கள், பின்னர் அமெரிக்கப் பள்ளி இசைக்குழுக்கள் ஆகியவற்றுக்காகக் கிளாரினெட்டுகள் பெருந்தொகையில் செய்யப்பட்டன. இன்று இரண்டாம் கைச் சந்தையில் கிடைக்கும் பழைய கருவிகளுட் பெரும்பாலானவை இவ்வாறு செய்யப்பட்டவையே. கருநாடக இசையிலும் கிளாரினெட்டு இடம்பெற்றுள்ளது. இக்கருவியை வாசித்த ஏ. கே. சி. நடராஜன் 2008இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

பகுதிகளும் முத்திரை அமையும் இடங்களும்

கிளாரினெட்டு பொதுவாக ஐந்து பகுதிகளாகப் பிரிக்கக்கூடியது. அவை:

• ஊதுவாய்
• பீப்பாய் எனப்படும் குறுகிய இணைப்புத் துண்டு
• மேல் உடற்பகுதி
• கீழ் உடற்பகுதி
• அணசு (நாகசுரத்தின் அணசைப் போன்று விரிந்த அடிப்பகுதி)

இவற்றுள் ஊதுவாய் எளிதில் தேய்வதும் மாற்றப்படுவதும் ஆகும். எனவே அதில் உள்ள பெயர் கருவியின் தோற்றுவாய்க்குச் சான்றாகாது. பீப்பாயும் அணசும்கூட உடைந்தபோதோ தொலைந்தபோதோ வேறு கருவியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டிருக்கலாம். மேல், கீழ் உடற்பகுதிகளில் உள்ள முத்திரைகளே நம்பத்தக்கவை. நான்கு மரப்பகுதிகளிலும் ஒரே முத்திரை, ஒரே எழுத்து வடிவில் இருந்தால் கருவி கலப்பற்றது எனக் கொள்ளலாம்.

மங்கிய முத்திரையைப் படிக்க, விளக்கை மரத்தின் பரப்புக்கு ஏறத்தாழ இணையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது பயன்தரும். பள்ளமான எழுத்துகளில் நிழல் விழுவதால் அவை தெளிவாகத் தோன்றும். மரத்தைத் தேய்த்தோ மெருகேற்றியோ முத்திரையைத் தெளிவாக்க முயல்வது இருக்கும் சான்றையும் அழித்துவிடும்.

பெயரும் உற்பத்தியாளரும்

கருவியில் பொறிக்கப்பட்ட பெயர் அதனைச் செய்தவரின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பட்டறை பெயர் எதுவும் இன்றிக் கருவிகளைச் செய்து மொத்த வணிகருக்கு விற்பதும், வணிகர் தமது பெயரையோ தாம் புனைந்த பெயரையோ பொறித்து விற்பதும் நெடுங்கால வழக்கமாகும். இவ்வாறு விற்கப்பட்டவை ஸ்டென்சில் கருவிகள் எனப்படுகின்றன. இசைத்தட்டு, இசைநூல் விற்பனையாளர்கள், அஞ்சல்வழி வணிக நிறுவனங்கள், இறக்குமதியாளர்கள் எனப் பலரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றினர்.

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள லா கூத்தூர்-பூசே என்னும் சிற்றூர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நோப்லே, திபூவில், மார்ட்டின், மலேர்ன் முதலிய குடும்பங்கள் இவ்வூரோடு தொடர்புடையவை. இங்கே செய்யப்பட்ட கருவிகள் பலவற்றில் "பாரிஸ்" என்னும் சொல் பொறிக்கப்பட்டது. நிறுவனத்தின் விற்பனைக் கூடம் பாரிசில் இருந்ததும், அந்நகரின் பெயர் வாங்குவோரிடம் பெற்றிருந்த மதிப்பும் இதற்குக் காரணங்கள் ஆகும். ஆகவே "பாரிஸ்" என்ற சொல் கருவி பாரிசில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. இவ்வூரில் 1888 முதல் காற்றிசைக் கருவிகளுக்கான அருங்காட்சியகம் ஒன்று உள்ளது.

ஒரே நிறுவனத்தின் பெயர்கள் பல தரங்களைக் குறிப்பதும் உண்டு. அடிக்கடி குழப்பம் தரும் சில பெயர்கள் வருமாறு:

• செல்மர்: ஆன்றி செல்மர் 1885இல் பாரிசில் தொடங்கிய நிறுவனமும், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் நகரில் இயங்கிய செல்மர் நிறுவனமும் வெவ்வேறானவை. "பண்டி" என்பது அமெரிக்க நிறுவனத்தின் மாணவர் தரக் கருவி ஆகும். செல்மர் என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதனால் மட்டும் பண்டி கருவி பாரிசுக் கருவியின் மதிப்பைப் பெறாது.
• பஃபே கிராம்போன்: 1825இல் பாரிசில் தொடங்கப்பட்டது. இதன் தொழிற்சாலை 1850 முதல் மாந்த்-லா-வில் என்னும் ஊரில் உள்ளது. "எவெட்" என்னும் பெயர் இந்நிறுவனத்தின் இரண்டாம் தரக் கருவிகளுக்கு வழங்கியது. "பஃபேயின் ஆதரவில்" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் உள்ள எவெட் கருவிகளுட் சில பிற பட்டறைகளில் செய்யப்பட்டவை.
• லெப்லான்: ஜார்ஜ் லெப்லான் 1904இல் பழைய நோப்லே நிறுவனத்தைப் பெற்றார். 1946இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோசா நகரில் இதன் அமெரிக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. "வீட்டோ" என்பது இதன் மாணவர் தரப் பெயர். நோப்லே, நார்மண்டி ஆகியவை இடைத்தரப் பெயர்கள்.
• பூசி அண்ட் ஹாக்ஸ்: பூசி, ஹாக்ஸ் என்னும் இரு இலண்டன் நிறுவனங்கள் 1930இல் இணைந்து உருவானது. எனவே இவ்விணைந்த பெயர் உள்ள கருவி 1930க்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

இறுதியாகக் கூறிய எடுத்துக்காட்டில் உள்ள தருக்கம் பொதுவாகவே பயன்படக்கூடியது. ஒரு நிறுவனத்தின் பெயர் மாறிய ஆண்டு தெரிந்தால், வரிசை எண் பட்டியல் எதுவும் இல்லாமலே கருவியின் காலத்திற்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

நாட்டுக் குறிப்புகள்

செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொருள்களில் பொறிக்கும் வழக்கம் சட்டங்களால் பரவியது. பிரித்தானியாவில் 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பிரித்தானியப் பொருள் எனத் தோன்றக்கூடிய அயல்நாட்டுப் பொருள்களில் அவற்றின் தோற்றுவாயைக் குறிப்பிடச் செய்தது. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தின்படி, 1891 முதல் இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் இடம்பெற வேண்டியதாயிற்று. ஆகவே நாட்டுப் பெயர் ஆங்கிலத்தில் உள்ள கருவி பெரும்பாலும் இவ்வாண்டுகளுக்குப் பிந்தையதாகும். நாட்டுப் பெயர் இல்லாமை மட்டும் கருவி அவற்றுக்கு முந்தையது என்பதை நிறுவாது. உள்நாட்டில் விற்கப்பட்ட கருவிக்கு அக்குறிப்பு தேவைப்படவில்லை.

அரசியல் மாற்றங்கள் காலத்தை இன்னும் துல்லியமாகக் காட்டுகின்றன.

• செக்கோசிலோவாக்கியா: 1918க்குப் பின். அந்நாடு 1992ஆம் ஆண்டின் இறுதியோடு பிரிந்தது.
• ஜெர்மனி, அமெரிக்க மண்டலம்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945 முதல் 1949 வரையிலான காலத்தைச் சார்ந்தது.
• மேற்கு ஜெர்மனி, ஜெர்மன் சனநாயகக் குடியரசு: 1949 முதல் 1990 வரை.

காப்புரிமைக் குறிப்புகளும் இவ்வாறே பயன்படுகின்றன. பிரெஞ்சுக் கருவிகளில் காணப்படும் எஸ்.ஜி.டி.ஜி. என்னும் எழுத்துகள், காப்புரிமை பெற்ற பொருளுக்கு அரசு பொறுப்பேற்கவில்லை என்பதைக் குறிக்கும் சட்டத் தொடரின் சுருக்கமாகும். இக்குறிப்பு 1844ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டு 1968 வரை வழக்கில் இருந்தது. ஜெர்மானியக் கருவிகளில் உள்ள டி.ஆர்.ஜி.எம். என்பது பதிவு செய்யப்பட்ட பயன்பாட்டு வடிவமைப்பைக் குறிக்கும். இதற்கான சட்டம் 1891இல் வந்ததால் இக்குறி உள்ள கருவி அதற்கு முந்தையதன்று.

வரிசை எண்கள்

மேல், கீழ் உடற்பகுதிகள் இரண்டிலும் வரிசை எண் பொறிப்பது பல நிறுவனங்களின் வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது இவ்விரு எண்களும் ஒன்றா என்பதே. எண்கள் வேறுபட்டால் இரு கருவிகளின் பகுதிகள் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளன என்று பொருள். இத்தகைய கருவி வாசிக்கத்தக்கதாக இருக்கலாம். எனினும் அதன் சுரத்தூய்மையும் விலைமதிப்பும் குறைந்திருக்க வாய்ப்புண்டு.

வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை அறிய அந்நிறுவனத்திற்கே உரிய பட்டியல் தேவை. ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுவதால் பயன் இல்லை. ஸ்டென்சில் கருவியில் உள்ள எண்ணுக்கு, அதனைச் செய்த பட்டறை தெரியாதவரை பொருள் இல்லை. உடற்பகுதியில் எண்ணே இல்லாத கருவிகளும் பல உள்ளன. சாவிகளின் அடிப்புறத்தில் காணப்படும் ஓரிரு இலக்க எண்கள் பொருத்துவோர் அடையாளத்திற்காக இட்டவை. அவை வரிசை எண்கள் அல்ல.

சாவி அமைப்பு

கருவியை மரபு வாரியாகப் பிரிக்க எளிய வழி, கீழ் உடற்பகுதியில் விரல் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களை எண்ணுவதாகும்.

• போம் முறை: கீழ்ப்பகுதியின் மூன்று விரல் துளைகளிலும் வளையங்கள் இருக்கும். வழக்கமான கருவியில் மொத்தம் 17 சாவிகளும் 6 வளையங்களும் உண்டு. "முழு போம்" எனப்படும் விரிவான வகையில் 20 சாவிகளும் 7 வளையங்களும் உண்டு.
• எளிய முறை அல்லது ஆல்பர்ட் முறை: கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் இரண்டு வளையங்களே இருக்கும். 13 சாவிகள் கொண்ட வடிவம் பரவலானது. பிரசெல்சு நகரின் எசேன் ஆல்பர்ட்டின் பெயரால் இது வழங்குகிறது.
• எயூலர் முறை: பெர்லினைச் சேர்ந்த ஆஸ்கர் எயூலர் மியூலரின் வழியில் விரிவாக்கிய அமைப்பு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் வழக்கில் உள்ளது.

எளிய முறைக் கருவிகள் பிரான்சு, பெல்ஜியம், இங்கிலாந்து, ஜெர்மனி, போகீமியா, அமெரிக்கா ஆகிய எல்லா இடங்களிலும் செய்யப்பட்டன. எனவே சாவி அமைப்பு காலத்தையும் மரபையும் காட்டுமே தவிர நாட்டை உறுதி செய்யாது. இன்று பெரும்பாலான நாடுகளில் போம் முறையே கற்பிக்கப்படுவதால், எளிய முறைக் கருவியை வாங்கும் தொடக்க நிலை மாணவர் வேறு விரலமைப்பைக் கற்க வேண்டியிருக்கும்.

சாவிகளைத் தாங்கும் முறையும் கவனிக்கத்தக்கது. மரத்திலேயே கடைந்தெடுத்த மேடுகளில் சாவிகள் பொருத்தப்பட்டிருந்தால் அது பழைய செய்முறையாகும். மரத்தில் திருகப்பட்ட உலோகத் தூண்களில் பொருத்துவது 19ஆம் நூற்றாண்டின் போக்கில் வழக்கமாயிற்று. சாவிகள் பெரும்பாலும் "ஜெர்மன் வெள்ளி"யால் ஆனவை. இது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலப்பாகும். இதில் வெள்ளி இல்லை.

மூலப்பொருள்

மஞ்சள் நிறப் பாக்ஸ் மரம் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பயன்பட்டது. அதன் பின்னர் கிரனடில்லா எனப்படும் ஆப்பிரிக்கக் கருமரம் அதன் இடத்தைப் பிடித்தது. இது தான்சானியா, மொசாம்பிக் முதலிய நாடுகளில் வளர்வது.

கறுப்பு நிறக் கருவிகள் அனைத்தும் மரத்தாலானவை அல்ல. கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இரப்பரான எபோனைட்டு, வெயில் பட்டால் பச்சை கலந்த பழுப்பு நிறம் அடையும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக நெடி எழும். நெகிழிக் கருவிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பள்ளி மாணவர்களுக்காகப் பெருகின. மரமா என்று அறிய, உள்துளையில் ஒளி செலுத்தி மரநார்க் கோடுகளைத் தேடலாம். இணைப்பு முனைகளில் தக்கை இல்லாத சிறு பரப்பிலும் மரத்தின் இயல்பு புலப்படும்.

உலோகக் கிளாரினெட்டுகள் 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் மிகுதியாகச் செய்யப்பட்டன. பாஸ்டனில் இயங்கிய கண்டி-பெட்டோனி நிறுவனத்தின் "சில்வா-பெட்" இவற்றுட் பெயர் பெற்றது. எனினும் பெரும்பாலான உலோகக் கருவிகள் மலிவான மாணவர் தரத்தவை ஆகும்.

சுருதிக் குறிகள்

வாங்குவோருக்கு மிகவும் இன்றியமையாத சான்று இதுவே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எல்லா இடங்களிலும் ஒரே சுருதி வழங்கவில்லை. பிரித்தானிய இராணுவ இசைக்குழுக்கள் "ஏ" சுரத்தை ஏறத்தாழ 452 ஹெர்ட்சில் வைத்தன. இது "உயர் சுருதி" எனப்பட்டது. இக்குழுக்கள் 1920களின் பிற்பகுதியில் இதனைக் கைவிட்டன. 1939இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு மாநாடு 440 ஹெர்ட்சைப் பரிந்துரைத்தது.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கான கருவிகளில் உயர் சுருதிக்கு எச்.பி. என்றும் தாழ் சுருதிக்கு எல்.பி. என்றும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. குறி இல்லாத கருவியில் நீளத்தை அளந்து பார்க்கலாம். இன்றைய பி-ஃபிளாட் கிளாரினெட்டு ஊதுவாயுடன் ஏறத்தாழ 66 செ.மீ. நீளமுடையது. 452 ஹெர்ட்சுக்கான கருவியில் அதிர்வெண் 2.7 விழுக்காடு கூடுவதால் நீளம் அதே விகிதத்தில் குறைந்து, ஏறத்தாழ 1.7 செ.மீ. குட்டையாக இருக்கும். பீப்பாய் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், ஐயமற்ற ஒரு கருவியின் உடற்பகுதிகளோடு தனித்தனியே ஒப்பிடுவது நல்லது.

உயர் சுருதிக் கருவி இன்றைய சுருதியைவிட அரைச்சுரத்தின் பாதியளவு கூடுதலாக ஒலிக்கும். பீப்பாயை வெளியே இழுத்தோ நீண்ட பீப்பாயைப் பொருத்தியோ இதனை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. கூட்டப்படும் நீளம் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரே அளவானது. ஆனால் குறுகிய காற்றுத்தம்பத்தால் ஒலிக்கும் சுரங்களை அது மிகுதியாகவும், நீண்ட காற்றுத்தம்பத்தால் ஒலிக்கும் சுரங்களைக் குறைவாகவும் தாழ்த்தும். இதனால் ஒரு சுரம் சேரும்போது மற்றொன்று விலகும். இத்தகைய கருவி நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டிருந்தாலும் பிற கருவிகளோடு சேர்ந்து வாசிக்கப் பயன்படாது.

கருவியின் ஆதார சுரத்தைக் குறிக்கும் எழுத்து வேறானது. பி-ஃபிளாட், ஏ, சி ஆகியன பரவலானவை. ஜெர்மானிய வழக்கில் "பி" என்ற தனி எழுத்தே பி-ஃபிளாட்டைக் குறிக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உள்துளையின் அளவு

வெளித்தோற்றத்தில் ஒத்த கருவிகளை உள்துளையின் விட்டம் பிரித்துக் காட்டும். பூசி அண்ட் ஹாக்சின் "1010" என்னும் உயர்தரக் கருவியின் துளை ஏறத்தாழ 15.2 மி.மீ. ஆகும். 1950களில் வெளிவந்த பஃபேயின் "ஆர்-13" கருவியில் இது ஏறத்தாழ 14.6 மி.மீ. ஆகும். அரை மில்லிமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், அகன்ற துளைக் கருவிக்கு அதற்கேற்ற ஊதுவாய் தேவை. பொருந்தாத ஊதுவாயைப் பயன்படுத்திவிட்டுக் கருவியைக் குறை கூறுவது அடிக்கடி நிகழ்வதாகும். அளக்கும்போது உலோக முனை மரத்தைக் கீறாதவாறு நெகிழி அளவி பயன்படுத்துவது நல்லது.

உற்பத்தி மையங்கள்

• பிரான்ஸ்: பாரிஸ், மாந்த், லா கூத்தூர்-பூசே.
• ஜெர்மனி: சாக்சனியின் மார்க்நொய்கிர்ஹென் நகரும் அதன் சுற்றுப்புறமும்.
• போகீமியா: முன்னர் கிராஸ்லிட்ஸ் எனப்பட்ட கிராஸ்லிட்சே. கோலெர்ட் குடும்பப் பட்டறை இங்கேதான் இருந்தது. 1945க்குப் பின் ஜெர்மன் மொழி பேசுவோர் வெளியேற்றப்பட்டபோது கருவி செய்வோர் பலர் மேற்கு ஜெர்மனியில் குடியேறினர். கோலெர்ட் நிறுவனமும் வின்னென்டென் நகருக்குச் சென்றது. கிராஸ்லிட்சேயில் அமாத்தி என்னும் நிறுவனம் தொடர்ந்தது. ஆகவே ஒரே குடும்பப் பெயர் இரு நாடுகளைக் குறிக்கக்கூடும்.
• இங்கிலாந்து: இலண்டனும், அதன் புறநகரான எட்ஜ்வேரும்.
• அமெரிக்கா: எல்கார்ட், நியூயார்க், பாஸ்டன், கெனோசா.
• இந்தியா: உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரம். பேண்டு வாத்தியங்களுக்குப் பெயர்பெற்றது.

ஆராயும் ஒழுங்கு

எடுத்துக்காட்டாக, அறியப்படாத ஒரு பெயரும் "பாரிஸ்" என்ற சொல்லும் உள்ள கறுப்பு மரக் கருவி ஒன்றைக் கொள்வோம். அதில் பிரான்ஸ் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது. எல்.பி. குறி உள்ளது. 17 சாவிகள், 6 வளையங்கள் உள்ளன. வரிசை எண் இல்லை. நாட்டுக் குறிப்பினால் இது 1887 அல்லது 1891க்குப் பிந்தைய ஏற்றுமதிக் கருவி எனலாம். எல்.பி. என்னும் எழுத்துகள், இரு சுருதிகளும் ஒருங்கே வழங்கிய காலத்தை, அஃதாவது பெரும்பாலும் 1930களுக்கு முன்னரான காலத்தைக் காட்டுகின்றன. அறியப்படாத பெயரும் எண் இல்லாமையும் ஸ்டென்சில் கருவி என்பதைச் சுட்டுகின்றன. செய்த பட்டறையின் பெயரைக் கூற இவை போதா. சாவிகளின் வடிவை அடையாளம் தெரிந்த கருவிகளோடு ஒப்பிட்ட பின்னரே அதனைக் கூற இயலும். ஆயினும் வாங்கும் மாணவருக்குத் தேவையான விடை கிடைத்துவிடுகிறது: சுருதியும் விரலமைப்பும் இன்றைக்கு ஏற்றவை. "பாரிஸ்" என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

நூல்களும் தொகுப்புகளும்

லிண்ட்சே லாங்வில் 1960இல் வெளியிட்ட காற்றிசைக் கருவி செய்வோரின் அகரவரிசையும், அதனை விரிவாக்கி வில்லியம் வாட்டர்அவுஸ் 1993இல் வெளியிட்ட பதிப்பும் இத்துறையின் அடிப்படை நூல்கள் ஆகும். புவியியலாளர் நிக்கலசு சாக்கிள்டன் சேகரித்த 800க்கும் மேற்பட்ட கிளாரினெட்டுகள் அவர் 2006இல் மறைந்த பின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தின் கருவித் தொகுப்பையும் ஆவணங்களையும் இலண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகம் 2004இல் பெற்றது.

பாதுகாப்பும் சட்டமும்

நெடுங்காலம் வாசிக்கப்படாத மரக் கருவியை உடனே நெடுநேரம் ஊதினால், உட்புறம் ஈரத்தால் விரிந்து மரம் வெடிக்கக்கூடும். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் மட்டும் வாசித்துத் துடைத்து வைத்தல் வேண்டும்.

கிரனடில்லா மரம் டால்பெர்சியா பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் இனங்கள் ஏறத்தாழ அனைத்தும் 2017 தொடக்கத்தில் அழிவாய்ப்பு உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், கருவிகளை நாடு கடத்தி விற்க அனுமதி தேவைப்பட்டது. 2019இல் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. யானைத் தந்த வளையங்கள் உள்ள மிகப் பழைய கருவிகளுக்கு இவ்விலக்கு பொருந்தாது. தந்தத்திற்கான விதிகள் தனியானவை, மிகக் கடுமையானவை.

இவற்றையும் பார்க்க

• கிளாரினெட்டு
• காற்றிசைக் கருவி
• சுருதி
• நாகசுரம்